போகாத ஊருக்கும் வழி சொன்னவர்... யார் இந்த ஸ்ட்ராபோ?

ஒரு ஊருக்கு டூர் கிளம்புறதுக்கு முன்னாடி நாம என்ன பண்றோம்? முதல்ல போனை எடுக்கிறோம். எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம்னு ரிவ்யூ படிக்கிறோம். ஒருத்தர் 'சூப்பர்' என்று அஞ்சு ஸ்டார் கொடுத்திருப்பார். அதுக்குக் கீழேயே இன்னொருத்தர் 'இந்தப் பக்கமே வந்துடாதீங்க' என்று அலறியிருப்பார். இதில் நிஜமாவே அங்கே போனவர் யார், வீட்டில் உட்கார்ந்தபடி அடிச்சு விட்டவர் யார்? யாரைத்தான் நம்புறது?

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் வந்ததில்லை. சுமார் 2,000 வருடங்களுக்கு முன்னால் ஒரு மனிதர் இதே கேள்வியோடு மொத்த உலகத்தையும் பற்றி எழுத உட்கார்ந்தார். மேற்கே ஸ்பெயின், வடமேற்கே அயர்லாந்து, கிழக்கே இந்தியா, தெற்கே எத்தியோப்பியா என்று அன்றைக்குத் தெரிந்த உலகம் முழுவதையும் 17 புத்தகங்களில் அடக்கினார். அதில் அவர் கண்ணால் பார்த்தது ஒரு பங்குதான். மீதியெல்லாம் படித்ததும் கேட்டதும்.

அவர் பெயர் ஸ்ட்ராபோ. புத்தகத்தின் பெயர் 'ஜியோகிராஃபிகா'. அவர் எங்கே சரியாகச் சொன்னார், எங்கே சறுக்கினார் என்று வரிசையாகப் பார்த்தால், அதில் நமக்கும் ஒரு சேதி இருக்கிறது. வாங்க, போவோம்.

மாறுகண் ஸ்ட்ராபோ

'ஸ்ட்ராபோ' என்றால் மாறுகண் உடையவர் என்று அர்த்தம். ரோமானியர்கள் இதைப் பட்டப்பெயராகவே வைத்துக் கூப்பிட்டார்கள். நம்ம ஆளுக்கு நிஜமாவே மாறுகண் இருந்திருக்கலாம். அல்லது குடும்பத்தில் யாருக்கோ இருந்து பெயர் ஒட்டியிருக்கலாம். உலகத்தையே பார்த்து எழுதியவருக்கு இப்படி ஒரு பெயர்!

கி.மு. 64 வாக்கில், கருங்கடலுக்குத் தெற்கே இருந்த போண்டஸ் நாட்டின் அமாசியா நகரில் பிறந்தார். இன்றைக்கு அது துருக்கியில் இருக்கும் அமாஸ்யா. ஆற்றங்கரை, செங்குத்தான பாறை, அந்தப் பாறையில் குடைந்த பழைய ராஜாக்களின் கல்லறைகள் என்று இப்போதும் டூரிஸ்ட்கள் குவியும் ஊர்.

குடும்பம் சாதாரணக் குடும்பம் இல்லை. போண்டஸை ஆண்ட மித்ரிடேட்டஸ் என்ற அரசரின் அரண்மனையோடு நெருக்கமாக இருந்தவர்கள். அந்த அரசர் ரோமோடு வருடக்கணக்கில் போர் செய்தார். அவர் கை தாழ்ந்துகொண்டிருந்தபோது ஸ்ட்ராபோவின் தாய்வழி மூதாதை ஒருவர் 15 கோட்டைகளை ரோமானியத் தளபதி லூக்குல்லஸ் பக்கம் திருப்பிவிட்டார். பரிசு தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். ஆனால் லூக்குல்லஸுக்குப் பிறகு வந்த பாம்பே, அந்த வாக்கையெல்லாம் ஓரங்கட்டிவிட்டார். தோற்ற பக்கத்தில் பிறந்து, ஜெயித்த பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வாழ வேண்டிய குடும்பம். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

வசதியான வீட்டுப் பிள்ளை என்பதால் படிப்பு பிரமாதம். நைசா என்ற ஊரில் அரிஸ்டோடீமஸிடம் இலக்கணமும் இலக்கியமும், ரோமில் டிரானியன் என்ற அறிஞரிடம் மேற்படிப்பு. முதலில் எழுதியது வரலாறு. 40-க்கும் மேற்பட்ட புத்தகங்கள்! அவ்வளவும் காலத்தில் அழிந்துபோய், சில துணுக்குகள்தான் மிச்சம். அதற்குப் பிறகு எழுதிய புவியியல்தான் கிட்டத்தட்ட முழுசாக நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

உருண்டைப் பூமியில் ஒரு போர்வை

'பழங்காலத்து ஆட்கள் பூமி தட்டைன்னு நினைச்சாங்க' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படித்த கிரேக்கர்களுக்குப் பூமி உருண்டை என்பது பழைய செய்தி. ஸ்ட்ராபோ இதற்குக் கடலில் போகிறவர்களையே சாட்சிக்கு அழைக்கிறார். தூரத்துக் கரையில், கண் மட்டத்துக்கு இருக்கும் விளக்கு தெரியாது. அதையே உயரத்தில் தூக்கிக் கட்டினால் தெரியும். கப்பலில் இருப்பவர் கொஞ்சம் மேலே ஏறினாலும் தெரியும். நடுவில் கடல் வளைந்திருந்தால்தான் இப்படி நடக்கும். அவ்வளவு எளிமையான விளக்கம்.

அந்த உருண்டையின் மேல், மனிதர்கள் வாழும் பகுதி ஒரு தீவு மாதிரி மிதக்கிறது என்பது அவர் கணக்கு. சுற்றிலும் பெருங்கடல். அந்தத் தீவின் வடிவம், கிரேக்கர்கள் தோளில் போட்டுக்கொள்ளும் மேலங்கியை விரித்துப் போட்டது போல இருக்குமாம். நீளம் 70,000 ஸ்டேடியா, அகலம் 30,000-க்கும் குறைவு. ஒரு ஸ்டேடியாவைச் சுமார் 185 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நீளம் கிட்டத்தட்ட 13,000 கி.மீ. வருகிறது.

இதைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் குறைந்தது 10 அடி விட்டத்தில் ஓர் உலக உருண்டை செய்யுங்கள் என்கிறார். அதெல்லாம் முடியாது என்பவர்களுக்கு 7 அடியில் தட்டையான வரைபடம் போதுமாம். இன்னொன்றும் சொல்கிறார்: அட்லான்டிக் கடலைத் தாண்டி, இதே மாதிரி மனிதர்கள் வாழும் நிலம் இன்னொன்றோ அதற்கு மேலோ இருக்கக்கூடும். கொலம்பஸ் கப்பல் ஏறுவதற்கு சுமார் 1,500 வருடங்களுக்கு முன் எழுதிய வார்த்தை இது.

முதலைக்கு பலகாரம், பரிசலில் சவாரி

ஸ்ட்ராபோ எந்தெந்த ஊருக்கு நேரில் போனார்? மேற்கே இத்தாலி, கிழக்கே அர்மீனியா, வடக்கே கருங்கடல், தெற்கே எத்தியோப்பியாவின் எல்லை. இந்த அளவுக்கு ஊர் சுற்றிய புவியியல் எழுத்தாளர் வேறு யாரும் அதிகம் இல்லை என்று அவரே பெருமைப்பட்டுக்கொள்கிறார்.

அதில் அவர் மனம்விட்டு எழுதியிருப்பது எகிப்தைப் பற்றி. அலெக்ஸாண்ட்ரியாவில் நீண்ட காலம் தங்கியிருக்கிறார். நகரைக் குறுக்கே வெட்டிப் போகும் இரண்டு பெரிய சாலைகள், கலங்கரை விளக்கம், அறிஞர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட கல்விக்கூடம் என்று நம்மைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது போல எழுதியிருக்கிறார். அப்போது எகிப்துக்கு ரோம் நியமித்த ஆளுநர் ஏலியஸ் காலஸ், ஸ்ட்ராபோவின் நண்பர். கி.மு. 25 வாக்கில் அவர் நைல் நதியில் தெற்கே போனபோது நம்ம ஆளும் கூடவே தொற்றிக்கொண்டார்.

வழியில் அர்சினோயே என்ற ஊர். அங்கே ஒரு குளத்தில் கோயில் முதலை. விருந்தினர்கள் அதற்குப் படையல் கொண்டுவர வேண்டும். ஸ்ட்ராபோவை அழைத்துப்போனவர் ஒரு பணியாரம் போன்ற பலகாரம், வறுத்த இறைச்சி, தேன் கலந்த பானம் மூன்றையும் எடுத்துவந்தார். பூசாரிகள் கரையில் படுத்திருந்த முதலையின் வாயைப் பிளக்க, ஒருவர் பலகாரத்தைத் திணித்தார், பிறகு இறைச்சியை வைத்தார், கடைசியாகப் பானத்தை ஊற்றினார். சாப்பிட்டு முடித்த முதலை தண்ணீரில் குதித்து அக்கரைக்குப் போய்விட்டது. அடுத்த விருந்தினர் தட்டோடு வந்ததும், பூசாரிகள் அந்தப் பக்கம் ஓடிப்போய் அதைப் பிடித்து மறுபடியும் ஊட்டினார்கள். இப்போது நடந்திருந்தால் யாராவது கண்டிப்பாக ரீல்ஸ் போட்டிருப்பார்கள்!

பிலே தீவுக்குப் போனபோது, கொடிகளால் பின்னிய ஒரு குட்டிப் படகில் ஏறச் சொன்னார்கள். நம்மூர் பரிசலுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. தண்ணீரில் கால் நனைய நிற்க வேண்டும், இல்லையென்றால் சின்னப் பலகையில் உட்கார வேண்டும். பயந்துகொண்டே ஏறியவர், தேவையில்லாமல் பயந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறார். ஆள் மேல் நமக்குப் பிடிப்பு வருவது இந்த மாதிரி இடங்களில்தான்.

சிலை பேசுமா?

தீப்ஸ் நகரில் இரண்டு பிரமாண்ட சிலைகள். அதில் ஒன்றின் மேல் பாதி, நிலநடுக்கத்தில் உடைந்து விழுந்திருந்தது. மீதியிருந்த பகுதியிலிருந்து தினமும் ஒருமுறை சத்தம் வரும் என்று ஊரே சொன்னது. விடிந்து கொஞ்ச நேரத்தில் காலஸ், அவர் நண்பர்கள், சிப்பாய்கள் எல்லோரும் கூடி நின்றார்கள். ஸ்ட்ராபோவும் இருந்தார். சத்தம் வந்தது!

கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் சிலிர்த்திருப்பார்கள். ஸ்ட்ராபோ என்ன எழுதினார் தெரியுமா? சத்தத்தை நானும் கேட்டேன்; ஆனால் அது பீடத்திலிருந்து வந்ததா, சிலையிலிருந்து வந்ததா, இல்லை சுற்றி நின்றவர்களில் யாராவது வேண்டுமென்றே கிளப்பினார்களா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கல்லே சத்தம் போட்டது என்பதைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் நம்புவேன் என்கிறார்.

அந்தச் சிலைகள் இன்றும் எகிப்தில் இருக்கின்றன. 'மெம்னான் சிலைகள்' என்று பெயர். உண்மையில் அவை மூன்றாம் அமென்ஹோடெப் என்ற ஃபாரோவின் சிலைகள். அதிகாலை வெயிலில் கல் சூடாகும்போது, வெடிப்புகளுக்குள் இருந்த ஈரம் வெளியேறி அந்தச் சத்தம் வந்திருக்கலாம் என்பது பின்னால் வந்த விளக்கம். ஆக, சத்தம் கல்லிலிருந்தே வந்திருக்கலாம். ஸ்ட்ராபோவின் சந்தேகம் தப்பாகக்கூட இருக்கலாம். ஆனால், கேட்டதை மட்டும் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று எழுதினார் பாருங்கள், அதனால்தான் அந்த வரிக்கு இன்றும் மதிப்பு.

பிரமிடுகளுக்குப் பக்கத்திலும் இப்படி ஒன்று நடந்தது. அங்கே கொட்டிக்கிடந்த கல் சில்லுகளில் மைசூர்ப் பருப்பு மாதிரி உருவங்கள். பிரமிடு கட்டிய தொழிலாளிகள் சாப்பிட்டு மிச்சம் வைத்தது கல்லாகிவிட்டது என்று உள்ளூரில் கதை. ஸ்ட்ராபோவுக்கோ ஊர் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊர்ப்பக்கம் சமவெளியில் ஒரு நீளமான குன்று உண்டு, அங்கேயும் பருப்பு வடிவக் கற்கள் நிறையக் கிடக்கும் என்று எழுதி வைக்கிறார். இன்றைக்கு நமக்கு விடை தெரியும். அவை 'நம்முலைட்' எனப்படும், ஒரே செல்லால் ஆன கடல் உயிரிகளின் புதைபடிவங்கள். பிரமிடின் சுண்ணாம்புக் கல்லே ஒரு காலத்தில் கடலடியில் உருவானதுதான்.

எரிமலையைக் கண்டுபிடித்த கண்

ஸ்ட்ராபோவின் கண்ணுக்குக் கிடைத்த பெரிய வெற்றி இத்தாலியில் இருக்கிறது. வெசூவியஸ் மலை அப்போது அமைதியான அழகு மலை. சரிவு முழுக்க வயல்கள். உச்சி மட்டும் மொட்டை. ஸ்ட்ராபோ அந்த உச்சியைக் கவனித்து எழுதுகிறார்: சாம்பல் நிறம், நெருப்பு தின்றது போல ஓட்டை ஓட்டையான, கருகிய பாறைகள். ஆக, இது முன்பொரு காலத்தில் எரிந்த மலை, எரிய ஒன்றும் இல்லாததால் அணைந்திருக்கிறது. சுற்றியுள்ள மண் இவ்வளவு செழிப்பாக இருப்பதற்கும் அந்தச் சாம்பலே காரணமாக இருக்கலாம். சிசிலியில் எட்னா எரிமலையின் சாம்பல் விழுந்த நிலத்தில் திராட்சை நன்றாக விளைகிறதே!

அவர் இறந்தது கி.பி. 24 வாக்கில். அதற்குச் சுமார் 55 வருடம் கழித்து, கி.பி. 79-ல் வெசூவியஸ் வெடித்தது. பாம்பெய், ஹெர்குலேனியம் இரண்டு நகரங்களும் புதைந்தன. அணைந்துவிட்டது என்று அவர் நினைத்தது தப்பு. ஆனால் அது எரிமலை என்று பாறையைப் பார்த்தே சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

கண்ணா, காதா?

'எல்லா ஊருக்கும் போகாமலே எப்படி எழுதினீங்க?' என்று கேட்பவர்களுக்கு ஸ்ட்ராபோவிடம் பதில் ரெடியாக இருந்தது. ஒரு ஆப்பிளை எப்படி அறிகிறோம்? கண் நிறத்தைச் சொல்கிறது, மூக்கு வாசனையைச் சொல்கிறது, நாக்கு ருசியைச் சொல்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து 'இது ஆப்பிள்' என்று முடிவு செய்வது மனம். அதே மாதிரி, ஊர் ஊராகப் போனவர்கள் கொண்டுவரும் தகவல்கள்தான் புலன்கள். அவற்றைக் கோத்து ஒரே படமாக்குவது அறிஞனின் வேலை. போரில் தளபதி எல்லா இடத்திலும் நிற்க முடியுமா? தூதர்களின் சொல்லைக் கேட்டுத்தானே உத்தரவு போடுகிறான்? எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவன்தான் பேசணும் என்றால் காதுக்கு என்ன மரியாதை?

வாதம் பக்கா. நாமும் அப்படித்தானே? இந்த உலகத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் நாமே நேரில் பார்த்தது எவ்வளவு இருக்கும்? ஆனால் இந்த வாதத்துக்குள் ஒரு கண்ணி இருக்கிறது. காதால் அறிவது என்றால், யார் பேச்சைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்ட்ராபோ மாட்டிக்கொண்டது அங்கேதான்.

மார்செய்ல்காரரும் மூன்று சறுக்கல்களும்

சின்னச் சறுக்கலிலிருந்து ஆரம்பிப்போம். கிரீஸில் கொரிந்த் நகருக்குப் போய், அங்கிருந்த மலைக்கோட்டைமேல் ஏறிச் சுற்றிப் பார்த்தவர் ஸ்ட்ராபோ. அங்கிருந்து தெற்கே ஒன்றிரண்டு நாள் நடையில் மைசீனே. அந்த நகரத்தின் சுவடுகூட இன்று இல்லை என்று எழுதிவிட்டார். ஆனால் பிரமாண்டமான மதில்களும், சிங்கங்கள் செதுக்கிய வாசலும் அங்கே நின்றுகொண்டிருந்தன. சுமார் 150 வருடம் கழித்துப் போன பாசனியாஸ் என்ற பயண எழுத்தாளர் அவற்றைப் பார்த்துக் குறித்திருக்கிறார். இன்றைக்கு நாம் போனாலும் பார்க்கலாம்.

அடுத்தது காஸ்பியன் கடல். அது நாலு பக்கமும் நிலம் சூழ்ந்த நீர்நிலை என்று, அவருக்கு 400 வருடங்களுக்கு முன்பே ஹெரோடோட்டஸ் எழுதியிருந்தார். ஆனால் ஹெரோடோட்டஸ் கதை விடுகிறவர் என்பது ஸ்ட்ராபோவின் அபிப்பிராயம். அலெக்ஸாண்டருக்குப் பின் வந்த அரசர்களின் தளபதியான பாட்ரோக்ளீஸ் சொன்னதை நம்பி, காஸ்பியன் வடக்கே பெருங்கடலோடு இணைகிறது என்று எழுதினார். தளபதி சொன்னது தப்பு. 'கதை விடுகிறவர்' சொன்னதுதான் சரி.

மூன்றாவதுதான் பெரிய சறுக்கல். இன்றைக்கு பிரான்ஸில் மார்செய்ல் என்று சொல்கிறோமே, அது அப்போது மசாலியா என்ற கிரேக்கக் குடியிருப்பு. கி.மு. 4-ம் நூற்றாண்டில் அந்த ஊர்க்காரர் பித்தியாஸ், அட்லான்டிக்கில் வடக்கு நோக்கிப் போனார். பிரிட்டனைச் சுற்றினார். அங்கிருந்து வடக்கே ஆறு நாள் பயணத்தில் 'தூலே' என்ற நிலம் இருப்பதாகச் சொன்னார். அதற்கும் அப்பால் நிலம், கடல், காற்று எதுவும் தனித்தனியாக இல்லாமல் ஜெல்லி மீன் மாதிரி ஒன்றாகக் கலந்து கிடக்கும், நடக்கவும் முடியாது, படகு விடவும் முடியாது என்றார். வெயில் படாத குளிர்ப் பிரதேசத்தில், மக்கள் கதிர்களைக் கூரைக்குள் கொண்டுபோய்த்தான் போரடிப்பார்கள் என்றும் சொன்னார்.

ஸ்ட்ராபோ இதைப் படித்துக் கொதித்துப்போனார். பொய்யிலும் பெரிய பொய்யர் என்ற ரேஞ்சில் பித்தியாஸைப் பல இடங்களில் வறுத்தெடுக்கிறார். காரணம்? அவருக்கு முன்பிருந்த வரலாற்றாசிரியர் பொலிபியஸ் ஒரு வாதம் வைத்திருந்தார்: பித்தியாஸ் தனி ஆள், அதிலும் ஏழை. அவ்வளவு தூரம் எப்படிப் போயிருக்க முடியும்? ஸ்ட்ராபோவும் அதே பாட்டைத்தான் பாடினார். அயர்லாந்துக்கு அப்பால் மனிதர் வாழ முடியாது என்று கோடு கிழித்தார். அந்த அயர்லாந்தையும் பிரிட்டனுக்கு மேற்கே வைக்காமல் வடக்கே வைத்தார்!

பித்தியாஸ் சொன்ன உறைபனிக் கடலும், வடக்கே போகப் போகச் சுருங்கும் கோடைகால இரவும் நிஜம் என்று இன்று எல்லோருக்கும் தெரியும். தன் சொந்த ஊரில் நிழலை அளந்து அவர் கண்டுபிடித்த அட்சரேகைகூட ஆச்சர்யப்படும் அளவுக்குச் சரியாக இருந்தது. பித்தியாஸ் எழுதிய புத்தகம் அழிந்துவிட்டது. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, ஸ்ட்ராபோ அவரைத் திட்டி எழுதிய வரிகளிலிருந்து பொறுக்கி எடுத்ததுதான்.

120 கப்பல்கள், ஒரு பாண்டியன்

இந்தியா விஷயத்திலும் இதே கதை நடந்தது. இந்தியாவைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலானவர்கள் பொய்யர்கள் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார். மௌரியர் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனீஸையும் விடவில்லை. காதையே விரித்துப் படுத்துத் தூங்கும் மனிதர்கள், வாயில்லாத மனிதர்கள், தங்கம் தோண்டும் எறும்புகள் என்றெல்லாம் இருந்தால் யார்தான் நம்புவார்கள்? கோபம் நியாயம். ஆனால் மெகஸ்தனீஸ் எழுதியது சுமார் 300 வருடப் பழசு. ஸ்ட்ராபோவின் காலத்தில் புதுசாகத் தகவல் சொல்ல ஆள் இல்லையா?

இருந்தார்கள். எகிப்தில் காலஸோடு இருந்தபோது ஸ்ட்ராபோவே அதை அறிந்து எழுதுகிறார்: செங்கடலின் மியோஸ் ஹார்மோஸ் துறைமுகத்திலிருந்து 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குப் போகின்றன. முன்பு எகிப்தை ஆண்ட தாலமி அரசர்கள் காலத்தில் மிகச் சிலரே துணிந்து போனார்களாம். 120 கப்பல் என்றால் எத்தனை மாலுமிகள், எத்தனை வியாபாரிகள்! அத்தனை பேரும் இந்தியக் கரையைக் கண்ணால் பார்த்தவர்கள்.

அவர்களைப் பற்றி அவர் சொன்னது இதுதான்: கங்கை வரை போனவர்கள் அவர்களில் ரொம்பக் குறைவு, அவர்களும் சாதாரண ஆட்கள், ஊர்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு உபயோகப்பட மாட்டார்கள். பித்தியாஸ் மேல் போட்ட அதே 'சாதாரண ஆள்' முத்திரை! விளைவு, தப்ரபேன் என்று கிரேக்கர்கள் அழைத்த இலங்கை, இந்தியாவின் தென்முனையிலிருந்து ஏழு நாள் கடல் பயணத்தில் இருப்பதாகப் பழைய புத்தகங்களைப் பார்த்து எழுதினார். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருக்கும் கடல் சுமார் 30 கி.மீ.தான்.

மியோஸ் ஹார்மோஸ் இருந்த இடம் இன்றைய குசேர் அல்-காதிம். அங்கே நடந்த அகழாய்வில், கி.பி. முதலாம் நூற்றாண்டு வாக்கிலான பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றில் தமிழ்-பிராமி எழுத்தில் கணன், சாதன் என்ற பெயர்கள். நம்ம ஆட்கள் அந்தத் துறைமுகம் வரை போய், சொந்தப் பானையில் பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு சாதனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டிருந்தால், தென்னிந்தியாவைப் பற்றி அந்தப் புத்தகம் எப்படி இருந்திருக்கும்!

தமிழ்நாட்டோடு ஒரு கண்ணியும் அந்தப் புத்தகத்தில் உண்டு. ரோமப் பேரரசர் அகஸ்டஸுக்கு இந்தியாவிலிருந்து ஓர் அரசர் பரிசுகளும் தூதும் அனுப்பியதாக எழுதுகிறார். அந்த அரசரின் பெயர் 'பாண்டியோன்'; சிலர் 'போரஸ்' என்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். அரசர் அனுப்பிய தூதர் என்றால் பதிவாகிவிடுகிறது. கப்பலில் வந்த வியாபாரி சொன்னதற்கு அந்த இடம் இல்லை.

தப்பான தகவலின் விலை

'சரி, ஒரு புத்தகத்தில் நாலு தப்பு. அதனால என்ன குடிமுழுகிப் போச்சு?' என்று தோன்றலாம். புவியியல் முக்கியமாக ஆட்சியாளர்களுக்கும் தளபதிகளுக்கும் உதவத்தான் என்று ஸ்ட்ராபோவே அழுத்திச் சொல்கிறார். ஊரும் வழியும் தெரியாமல் படை நடத்தினால் என்ன ஆகும் என்பதை அவர் பக்கத்திலிருந்தே தெரிந்துகொண்டார்.

நைலில் அவரைக் கூட்டிப்போன அதே காலஸ், வாசனைப் பொருள்கள் விளையும் தெற்கு அரேபியாவைப் பிடிக்கக் கிளம்பினார். சுமார் 10,000 காலாட்படை. முதல் தப்பு, கடற்போருக்கென்று 80 போர்க்கப்பல்கள் கட்டியது. எதிரிகள் கடலில் சண்டைக்கே வராதவர்கள்! பிறகுதான் சரக்குக் கப்பல்கள் 130 கட்டினார்கள். பாறைகள் நிறைந்த கடலில் பல கப்பல்கள் உடைந்தன. சில ஆட்களோடு மூழ்கின. கரை இறங்கியபோது வீரர்களுக்கு வாயிலும் காலிலும் நோய். பிறகு தண்ணீரை ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு பாலைவனத்தில் ஆறு மாதம் அலைந்தார்கள். கடைசியில் மர்சியாபா என்ற நகரை ஆறு நாள் முற்றுகையிட்டு, தண்ணீர் இல்லாமல் திரும்பினார்கள். சரியான வழி தெரிந்து திரும்பியபோது அதே தூரத்துக்கு ஆன நாள்கள் வெறும் 60.

சண்டையில் செத்தவர்கள் ஏழே பேர் என்கிறார் ஸ்ட்ராபோ. மற்றவர்களைக் கொன்றது நோயும் பசியும் களைப்பும் வழி தெரியாத அலைச்சலும். ஆயிரக்கணக்கான சாமானியச் சிப்பாய்களின் உயிரோடு விளையாடியது ஒரு தப்பான வழி.

பழி யார் மேல்? வழிகாட்டியாக வந்த நபாட்டிய அமைச்சர் சில்லேயஸ் மேல். வேண்டுமென்றே சுற்றவிட்டான், துரோகி என்று எழுதுகிறார். அவரிடம் குற்றம் இருந்திருக்கலாம். ஆனால் எதிரிக்கு கடற்படை உண்டா என்று விசாரிக்காமலே 80 போர்க்கப்பல் கட்டியது தளபதி அல்லவா? அந்தத் தப்பைக் குறிப்பிட்டாலும், மொத்தத்தில் நண்பரைக் காப்பாற்றும் தொனிதான். சிலை சத்தம் போட்டபோது அத்தனை சந்தேகப்பட்டவர், ஆளுநர் தரப்பு சொன்னபோது அவ்வளவு சந்தேகப்படவில்லை. ஜெயித்த பக்கத்தோடு ஒட்டி வாழ்ந்த குடும்பம் என்று ஆரம்பத்தில் சொன்னோமே, ஞாபகம் இருக்கா?

மீனவருக்குக் கொடுத்த இடம்

அதற்காக ஸ்ட்ராபோவை ஒரேயடியாகக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். கி.மு. 29. அவர் போன கப்பல் ஏஜியன் கடலில் கியாரோஸ் என்ற குட்டித் தீவில் நின்றது. மீனவர்கள் வாழும் சின்னக் கிராமம். கப்பல் கிளம்பும்போது ஒரு மீனவரும் ஏறிக்கொண்டார். எங்கேப்பா போறே என்று கேட்டால், பேரரசரைப் பார்க்கப் போகிறேன் என்கிறார். பிற்காலத்தில் அகஸ்டஸ் எனப்பட்ட ஆக்டேவியன் அப்போது கொரிந்தில் இருந்தார். தீவுக்காரர்கள் கட்ட வேண்டிய வரி 150 திராக்மா. 100 கட்டவே மூச்சுத் திணறுகிறது. குறைக்கச் சொல்லிக் கேட்க ஊர் சார்பில் போகிறார்.

தீவுகள் எவ்வளவு வறுமையில் இருந்தன என்பதைப் புரியவைக்க ஸ்ட்ராபோ இந்தச் சம்பவத்தை எழுதி வைத்தார். கிளியோபாட்ராவை ஜெயித்துவிட்டு வெற்றி விழாவுக்குப் போய்க்கொண்டிருந்த பேரரசர் ஒரு பக்கம். 50 திராக்மா குறையுமா என்று கப்பலேறிய மீனவர் இன்னொரு பக்கம். ரோமப் பேரரசின் வெற்றியைப் பற்றி ஆயிரம் பேர் எழுதினார்கள். அந்த மீனவரின் கணக்கு நமக்குத் தெரிவதற்குக் காரணம், பக்கத்தில் உட்கார்ந்த ஸ்ட்ராபோ காது கொடுத்துக் கேட்டது.

அவர் காலத்தில் 'ஜியோகிராஃபிகா'வை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நூற்றுக்கணக்கான ஆசிரியர்களின் பெயரைப் பட்டியலிட்ட மூத்த பிளினிகூட இவரைச் சொல்லவில்லை. பின்னாளில் பைசாண்டியப் பேரரசின் அறிஞர்கள் பிரதி எடுத்துக் காப்பாற்றினார்கள். 1469-ல் ரோமில் லத்தீன் மொழிபெயர்ப்பு அச்சானது. 1516-ல் வெனிஸில் கிரேக்க மூலம் வந்தது. ஏழாம் புத்தகத்தின் கடைசிப் பகுதி மட்டும் தொலைந்துவிட, மற்ற அனைத்தும் இன்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

போகாத ஊருக்கு வழி சொல்வது ஒரு குற்றமே இல்லை. நாம் எல்லோரும் தினமும் அதைத்தான் செய்கிறோம். பார்க்காததை நம்புகிறோம், ஃபார்வர்டு பண்ணுகிறோம். ஸ்ட்ராபோ சரியாகச் சொன்ன இடங்களில் எல்லாம் 'என்ன ஆதாரம்?' என்று கேட்டிருக்கிறார். சறுக்கிய பல இடங்களில் 'சொல்றது யாரு?' என்று மட்டும் பார்த்திருக்கிறார். பெரிய ஆள் சொன்னால் உண்மை, சாதாரண ஆள் சொன்னால் பொய்.

அடுத்த தடவை ஒரு மெசேஜை நம்புவதற்கோ, ஒருவரைப் பொய்யர் என்று ஒதுக்குவதற்கோ முன்னால் அந்த மார்செய்ல்காரரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். பாவம், மனுஷன் அவ்வளவு தூரம் நிஜமாவே போயிட்டு வந்தார்!